கிரெடிட் கார்டு எடுக்கிறீர்களா? முதலில் உங்கள் பில் கட்டும் பழக்கத்தைப் பாருங்கள்

கார்டு எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "இதில் என்னென்ன கிடைக்கும்?" என்பதுதான். கேஷ்பேக், பாயிண்ட், விமான நிலைய லவுஞ்ச் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மாதாமாதம் பில்லை முழுசாகக் கட்ட முடியுமா, பாக்கி விழுமா என்று யோசிப்பதே இல்லை. எனக்கு இதுதான் முதல் தவறாகத் தெரிகிறது.

ஏனென்றால் பாக்கி வைக்கிறவருக்கு எந்தப் பாயிண்டும் லாபம் தராது. மாத வட்டி 3.5% என்றால் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் அது வட்டிக்கு வட்டியாக ஏறினால் ஒரு வருடத்தில் 51 சதவீதத்தைத் தொட்டுவிடும். 1% கேஷ்பேக் அதற்கு எந்த மூலைக்கு? ஒரு லட்சம் பாக்கி இருக்கிறது, மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை, 5% மட்டும் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கட்டிய 5,000-இல் 3,500 அந்த மாத வட்டிக்கே போய்விடும், கடன் குறைவது வெறும் 1,500. போதாததற்கு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் பல கார்டுகளில் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பாக்கி விழும் என்று தெரிந்தால் சலுகையை எல்லாம் மறந்துவிட்டு வட்டி குறைவான கார்டாகத் தேடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, முழுசாகக் கட்டுகிறவர் நீங்கள். அப்படியென்றால் ஆண்டுக் கட்டணத்தைக் கணக்குப் போடுங்கள். கட்டணம் 2,500, திரும்பக் கிடைப்பது 1% என்றால், வருடத்துக்கு 2,50,000 செலவு செய்தால்தான் போட்ட காசே திரும்பி வரும். ஒரு குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்று சொல்லும் கார்டுகளும் உண்டு. அந்த இலக்கை எட்டுவதற்காகத் தேவையில்லாததை வாங்க ஆரம்பித்தால் தள்ளுபடியே நஷ்டம்தான். கடந்த மூன்று மாதச் செலவை எடுத்து எழுதிப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை விமானம் ஏறுகிறவருக்குப் பயணக் கார்டு எதற்கு?

பாயிண்ட் எண்ணிக்கையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 100-க்கு 4 பாயிண்ட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஒரு பாயிண்டின் மதிப்பு கால் ரூபாய்தான் என்றால் அதுவும் அதே 1% தான். மாத உச்சவரம்பு, காலாவதித் தேதி, எந்தெந்தச் செலவுக்குப் பாயிண்ட் கிடையாது என்பதெல்லாம் விதிமுறைக்குள் பொடி எழுத்தில் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டு இணையதளங்களில் வாங்குகிறவர் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுப்பதை மட்டும் நினைக்கவே வேண்டாம், பெரும்பாலும் எடுக்கும்போதே ஒரு கட்டணம், அன்றிலிருந்தே வட்டி.

அப்புறம், எதாவது ஒன்று கிடைக்கட்டும் என்று ஒரே வாரத்தில் நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பிப்பது. ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகும், கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்று காட்டும் மதிப்பெண்) இறங்கலாம், அடுத்து வருகிற வங்கியும் இவருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றுதான் பார்க்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள், அதைச் சரிசெய்துவிட்டுச் சில மாதம் கழித்து அடுத்ததைப் பார்க்கலாம்.