மழைக்காலத்தில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு: வந்து சேரும் நேரத்தைச் சொல்லாதீர்கள்

கார்த்திகை, மார்கழியில் ஊருக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சூட்கேஸில் என்ன வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வாடகை வான் வண்டியில் யாழ்ப்பாணம் போகும் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் போனது அம்மாவின் அந்தியேட்டிக்கு, செத்து முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் செய்யும் சடங்குக்கு. செத்த வீட்டுக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன், அழுத்திக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அதனால், "விடிய அஞ்சு மணிக்குக் கீரிமலைக்கு வெளிக்கிட வேணும், இரவைக்கு நீ வீட்டில நிக்கோணும்" என்று சித்தப்பா சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. எட்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்றேன்.

மத்தியானம் இறங்கினேன், நல்ல மழை. மீரிகமவில் அதிவேகப் பாதையில் ஏறினோம். 2022 இல் திறந்த பாதை, குருநாகல் வரை சுமார் 40 கிலோமீட்டர். வழக்கமாக மணிக்கு 100 கிலோமீட்டர் வரை போகலாம், மழை என்றால் 60 ஓடு நிற்கச் சொல்லி வீதி அபிவிருத்தி அதிகார சபை அறிவிக்கிறது. வான் ஓட்டிய வவுனியாப் பெடியன் 60 ஐத் தாண்டவே இல்லை. எனக்கு எரிச்சல். பிரான்சில் 130 போகும் பாதையில் மழை பெய்தால் 110, மூடுபனியில் 50 மீட்டருக்கு அப்பால் தெரியவில்லை என்றால் வெறும் 50. இத்தனை வருடமாக அதற்கு ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டுகிற நான், இங்கே, "தம்பி, ரோடு சும்மாதானே கிடக்கு" என்றேன்.

"தண்ணி நிக்கேக்க பிரேக் அடிச்சா வான் நிக்காது அண்ணை, இழுத்துக்கொண்டு போகும்" என்றான்.

சரியாகத்தான் சொன்னான். பிரேக் அடித்த பிறகு 100 இல் வரும் வண்டி ஓடி நிற்கும் தூரம், 60 இல் வருவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஈரத்தில் இன்னும் நீளும். மொட்டை டயர் என்றால் தண்ணீரின் மேல் மிதக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஏறுவதற்கு முன் குனிந்து டயரைப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் போகும் பிரதான வீதியான ஏ9 இல் ஊர்மனைக்கு வெளியே 70, உள்ளே 50. மழைக்கு அதில் எவ்வளவு குறைப்பது என்பது ஓட்டுகிறவன் கையில், பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்காத வரைக்கும். வவுனியா தாண்டவே இருட்டிவிட்டது. ஓமந்தையில் வீட்டிலிருந்து ஒரு போன் கோல், புளியங்குளத்தில் இன்னொரு கோல். "எங்க நிக்கிறாய்? ஒருத்தரும் இன்னும் சாப்பிடேல்ல." ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நான் "கொஞ்சம் மிதி தம்பி" என்றேன். மாங்குளத்துக்கு அப்பால் மாடுகள் படுத்திருந்தன. மழைக்கு வன்னியில் அப்படித்தான், காணியெல்லாம் வெள்ளம், மேடாக இருப்பது ரோடு மட்டும். கறுத்த மாடு, கறுத்த ரோடு, எதிரே பஸ் வெளிச்சம். அவன் வெட்டித் திருப்ப, வான் வழுக்கிப் பள்ளத்துக்குள் இறங்கியது. முன்னால் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையார் என் மடியில் வந்து விழுந்தார்.

எனக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. பொலிஸ் எழுதும்போது "என்ர கவனயீனம்" என்றான். நான் மிதிக்கச் சொன்னதை அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகவே வானை இரண்டு நாளுக்குப் பேசுங்கள். காசைப் பார்க்காதீர்கள், முதல் இரவு அநுராதபுரத்திலோ வவுனியாவிலோ தங்குங்கள். உங்களை ஏற்ற வான் ஓட்டுகிறவன் இரவு இரண்டு மணிக்கே வெளிக்கிட்டிருப்பான், நித்திரை கொண்டானா என்று கேளுங்கள். முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள், வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் திரும்பி வாருங்கள், எந்தச் சடங்கானாலும். உறவுக்காரருக்குத் தேதியை மட்டும் சொல்லுங்கள்.

நான் கீரிமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. ஐயரைப் போக விடாமல் மறித்து வைத்திருந்தார்கள். சித்தப்பா ஈர வேட்டியோடு படியில் இருந்தார். சேறு படிந்த என் கால்களைப் பார்த்துவிட்டு, "பிந்தும் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே மோனை" என்றார்.