முள்ளை 4:37-இல் நிறுத்தச் சொல்லுங்கள்

22 வருடமாக வாட்ச் ரிப்பேர் செய்கிறேன். பின்மூடியைத் திறந்தால் அசலா போலியா என்று சொல்லிவிடுவேன். ஆன்லைனில் எதைத் திறப்பது? நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பழைய குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்ச்) ஒன்று, ஐந்து படமும் பளிச்சென்று இருந்தன. கைக்கு வந்ததும் மேல் பட்டனை அழுத்தினேன், ஸ்டாப்வாட்ச் முள் அசையவே இல்லை. நிமிடமும் மணியும் எண்ண வேண்டிய குட்டி வட்டங்கள் கிழமையையும் தேதியையும் காட்டிக்கொண்டிருந்தன. படங்களை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது: ஐந்திலும் முள் 10:10-இல் நிற்கிறது. டயலில் உள்ள பெயர் மறையக்கூடாது என்று விளம்பரப் படங்களில் அப்படித்தான் வைப்பார்கள். படத்தில் இருந்த வாட்ச் விற்றவர் கையில் ஒருநாளும் இருந்திருக்காது.

இப்போதெல்லாம் பழைய வாட்ச், தனியாள் விற்கும் வாட்ச் எதுவானாலும் முதல் கேள்வி இதுதான்: "முள்ளை 4:37-இல் நிறுத்தி, பக்கத்தில் ஒரு தாளில் இன்றைய தேதியை எழுதி வைத்துப் படம் அனுப்புங்கள்." கிரௌனை (பக்கத்தில் உள்ள திருகு) இழுத்துத் திருப்ப அரை நிமிடம் போதும். வாட்ச் வைத்திருப்பவர் அனுப்பிவிடுவார். இல்லாதவர், "இன்னும் மூணு பேர் கேட்கிறாங்க, வேணும்னா சீக்கிரம் பணம் போடுங்க" என்பார். அதோடு விட்டுவிடுங்கள்.

அந்தப் படம் வந்தால் பின்மூடி, கொக்கியின் உட்பக்கம், பக்கவாட்டு, பட்டனை அழுத்தும் வீடியோ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். அசலில் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், போலியில் மை கொஞ்சம் பரவியிருக்கும். ரோமன் எண் டயலில் நாலுக்கு நான்கு கோடு போட்டிருப்பதைப் பார்த்துப் போலி என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. அது கடிகாரக்காரர்களின் பழைய வழக்கம், பயப்பட வேண்டாம்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அடையாளம் உண்டு. கேசியோவின் பின்மூடியில் சின்னக் கட்டத்துக்குள் மாட்யூல் எண் (உள்ளே இருக்கும் மெஷினின் எண்) இருக்கும். அதைக் கம்பெனி தளத்தில் தேடி, வரும் கையேட்டில் உள்ள படம் இந்த வாட்ச்தானா என்று ஒப்பிடுங்கள். சீகோ சீரியல் எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 83 என்று தொடங்கினால் எட்டில் முடியும் ஏதோ ஒரு வருடத்தின் மார்ச். விற்பவர் "2015-இல் தயாரானது" என்றால், வருடம் மறந்துபோச்சா பொய்யா என்று கேட்கலாம். ரோலெக்ஸில் தேதிக்கு மேலுள்ள லென்ஸ் எண்ணை இரண்டரை மடங்கு பெரிதாக்கும், பல போலிகளில் அவ்வளவு பெரிதாகாது. வினாடி முள் வழுக்கிக்கொண்டு ஓடினால் அசல் என்று நம்பாதீர்கள். கை அசைவிலேயே சாவி ஏறும் மலிவான ஆட்டோமேட்டிக்கிலும் அப்படித்தான் ஓடும்.

'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்று போட்டிருந்தால் ஆராய்ச்சியே வேண்டாம், போலி என்று அவரே சொல்லிவிட்டார். (அதிலும் "ஒரிஜினல் ஃபர்ஸ்ட் காப்பி" என்று ஒன்று பார்த்தேன்.)

புது வாட்ச் என்றால் கம்பெனியின் சொந்தத் தளம், இல்லையென்றால் அந்தத் தளத்திலேயே பட்டியலிட்டிருக்கும் டீலர். பெரிய விற்பனைத் தளங்களில் தளத்தின் பெயரை நம்பி வாங்காதீர்கள், 'விற்பவர்' என்ற வரியில் யார் பெயர் என்று பாருங்கள். விமர்சனங்களில் ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களை முதலில் படியுங்கள். வாட்ச் பக்கத்தில் "போன் கவர் நல்லா இருக்கு" என்று யாராவது எழுதியிருந்தால், பழைய பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பணத்தைத் தளத்துக்குள்ளேயே கட்டுங்கள். "நேரடியாக அனுப்பினால் குறைச்சுத் தர்றேன்" என்பவரிடம் போனால், தகராறு வரும்போது தளமும் கைகழுவும்.

பார்சலைப் பிரிப்பதை வெட்டும் முன்பிருந்தே வீடியோ எடுங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் தெரிந்த ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். என்னிடம் வருபவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, செயினை என் கைக்கு அளவாக்கிக் கொடுங்க." வாட்சை நான் பார்த்து முடிக்கும்வரை ஒரு கண்ணியும் கழற்ற மாட்டேன். கழற்றிய வாட்சைத் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.