ஊட்டி போகிறீர்களா? முதலில் தேதியை வைத்துத் தேடுங்கள்

"ஊட்டியில் பார்க்க வேண்டிய இடங்கள்" என்று தேடினால் எங்கே போனாலும் அதே பொட்டானிக்கல் கார்டன், அதே தொட்டபெட்டா, அதே போட் ஹவுஸ்தான் வரும். படியுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் போகிற அந்தத் தேதியில் மலை எப்படி இருக்கும், எந்த ரோடு திறந்திருக்கும், வண்டியை மேலே விடுவார்களா என்பதெல்லாம் அதில் இருக்காது. நான் முதலில் தேடுவது இதைத்தான். எந்த ஊருக்குப் போனாலும் இதே முறைதான், எனக்கு நன்றாகத் தெரிந்த ஊட்டியை வைத்துச் சொல்கிறேன்.

நீலகிரி சின்ன மாவட்டம், ஆனால் இரண்டு மழைக்காலம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கத்தின் முறை. அதனால் வானிலை பார்க்கும்போது வெறும் 'ஊட்டி' என்று போடாமல், தங்கப்போகிற ஊரின் பெயரையும் போகப்போகிற இடத்தின் பெயரையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்னால் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ரெட் அலர்ட் வந்தால் தொட்டபெட்டா, அவலாஞ்சி மாதிரி இடங்களை மூடிவிடுவார்கள், மாவட்ட நிர்வாகத்தின் சமூக வலைதளப் பக்கத்தில் அறிவிப்பு வரும்.

அடுத்தது இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். விதி அவ்வப்போது மாறும், அதனால் போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள், அரசுத் தளத்திலேயே பாருங்கள். பாஸுக்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை.

மலை ரயில் ஆசை இருந்தால் அதுதான் உங்கள் தேதியைத் தீர்மானிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணி வாக்கில் கிளம்பி 46 கிலோமீட்டரை ஏறி முடிக்கக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆகும். டிக்கெட் 60 நாள் முன்னால் திறக்கும், சீசனில் மளமளவென்று தீர்ந்துவிடும். ஐஆர்சிடிசியில் தேடும்போது ஸ்டேஷன் பெயர் உதகமண்டலம் என்று இருக்கும். பல்சக்கரத்தில் ரயில் ஏறுகிற அழகெல்லாம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான், அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்தே டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள். நவம்பர் மழையில் மண் சரிந்தால் அந்தத் துண்டில்தான் ரயிலை நிறுத்துவார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை ராத்திரி சோபாவில் படுத்துக்கொண்டு மேப்பில் நேரம் பார்க்கிறார்கள். அது செவ்வாய் ராத்திரி நேரம். புறப்படும் நேரம் என்று ஒரு வசதி அதிலேயே இருக்கிறது, அதில் சனிக்கிழமை காலை 9 மணி என்று வைத்துப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். மசினகுடி போக கல்லட்டி வழியை மேப் சுருக்கமாகக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம், வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கூடலூர் வழியாகப் போங்கள். மைசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பந்திப்பூர் ரோடு ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.

தங்குமிடத்துக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஒரு தடவை அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம், அவருக்கு முழங்கால் வலி. போட்டோவில் ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு, மதிப்பெண் 4-க்கு மேல், உடனே புக் செய்துவிட்டேன். போய் இறங்கினால் ரோட்டிலிருந்து அறைக்கு நாற்பது படி கீழே இறங்க வேண்டும், கைப்பிடி கூட இல்லை. அத்தை மூன்று நாளில் இரண்டு தடவைதான் வெளியே வந்தார். அந்தப் படிக்கட்டைப் பற்றி மூன்று பேர் ரிவ்யூவில் எழுதியிருந்தார்கள், நான் அங்கே போய் உட்கார்ந்துதான் படித்தேன்.

அதனால் இப்போதெல்லாம் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. ரிவ்யூவைப் 'புதியவை முதலில்' என்று மாற்றி, அதற்குள்ளேயே வார்த்தை போட்டுத் தேடுகிறேன்: படி, சுடுதண்ணீர், பார்க்கிங், ஈரவாடை. தமிழிலும் போடுவேன், ஆங்கிலத்திலும் போடுவேன். சுடுதண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம்தான் என்று யாராவது எழுதியிருப்பார்கள், ஊட்டிக் குளிரில் அது பெரிய விஷயம். ஓனர் போட்ட படத்தை விட்டுவிட்டு, வந்து போனவர்கள் போட்ட படங்களைத் தேதியோடு பாருங்கள். அப்புறம் சாட்டிலைட் படத்தில் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள், 'ஊட்டி' என்று விளம்பரம் செய்கிற இடம் சில நேரம் டவுனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும்.

பணம் அனுப்பும் முன் போன் செய்யுங்கள். ஹோட்டல் பெயரில் போலித் தளமும் போலி நம்பரும் நிறைய உலவுகின்றன, அதனால் இரண்டு மூன்று இடத்தில் ஒரே நம்பர் இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். "மொத்தப் பணத்தையும் இப்பவே போடுங்க" என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். சரியான ஆளாக இருந்தால் அறையை வீடியோ காலில் காட்டச் சொன்னால் காட்டுவார். நான் அந்தப் படிக்கட்டையும் காட்டச் சொல்வேன்.

யூடியூப் வீடியோ பார்ப்பதாக இருந்தால் பதிவேற்றிய தேதியைப் பார்த்துவிட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

கிளம்பும் முதல் நாள் இ-பாஸையும் ரயில் டிக்கெட்டையும் போனில் படமாகச் சேமித்து, நீலகிரி மேப்பை இணையம் இல்லாமலும் திறக்கிற மாதிரி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் பல இடத்தில் சிக்னல் இருக்காது. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பாட்டிலை சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.