பெரிய டிவியை வீட்டுக் காரில் கொண்டுபோவது எப்படி?

புது டிவி வாங்கினால் கடைக்காரர்களே வண்டியில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீடு மாற்றும்போதும், பழையதை ஊரில் யாருக்காவது கொடுக்கும்போதும்தான் நம் பாடு. பாளையங்கோட்டையில் இருந்த எங்கள் 55 இஞ்ச் டிவி அம்பாசமுத்திரத்தில் அத்தை வீட்டுக்குப் போனது இப்படித்தான். எங்களுடையது ஏழு சீட் வண்டி. சின்னக் கார்க்காரர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒயர் கழற்றுவது, செட்டாப் பாக்ஸைத் தனியாக எடுத்து வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் அளவு

55 இஞ்ச் என்பது மூலைக்கு மூலை. காருக்குள் நுழையுமா என்று பார்க்க அது உதவாது. இப்போதைய டிவி திரைகள் 16க்கு 9 என்ற கணக்கில் வருகின்றன. அதன்படி 43 இஞ்ச் திரை சுமார் 95 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம். 55 இஞ்ச் என்றால் 122க்கு 69. 65 இஞ்ச் என்றால் 144க்கு 81. சட்டத்துக்காக ஒன்றிரண்டு செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெட்டியோடு ஏற்றுவதாக இருந்தால் பெட்டியைத்தான் அளக்க வேண்டும், அது நிறையவே கூடும்.

காரை அளப்பதில்தான் சிக்கல். கதவைத் திறந்து வைத்து அளந்தால் எல்லாக் காரும் பெரிய கார்தான். கதவை மூடிய பிறகு, கை வைக்கும் திண்டும் பாட்டில் வைக்கிற இடமும் இரண்டு பக்கமும் உள்ளே துருத்திக்கொண்டு வரும். அதனால் பின் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கதவையும் சாத்திவிட்டு, திண்டுக்குத் திண்டு டேப் பிடியுங்கள். தோள் உயரத்தில் அளக்கக் கூடாது, அங்கே அகலம் கூடுதலாகக் காட்டும். எங்கள் வண்டியில் நடு சீட்டின் குறுக்கே வைத்துப் பார்த்தபோது, இடது கதவு வழியாக டிவி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கடைசியில் கதவு மட்டும் ஒரு விரல் அளவுக்கு மூடவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் கை சும்மா இருக்காது, கதவை ஓர் அழுத்து அழுத்தத் தோன்றும். அழுத்தினால் முழு விசையும் டிவியின் மூலையில்தான் இறங்கும், விரிசல் மூலையில் தொடங்கிக் குறுக்கே ஓடிவிடும். மொத்தத்தில் 5 செ.மீ. இடைவெளியாவது மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேண்டாம்.

டேப்பை விட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. டவுன் ரத வீதிப் பக்கம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற கடைகளில் பழைய அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள். டிவி அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, அதைக் காருக்குள் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எங்கே இடிக்கும் என்பதெல்லாம் அட்டை இடிக்கும்போதே தெரிந்துவிடும். மிச்ச அட்டை திரைக்கு மறைப்பாகும்.

என் கணக்கு இது: 43 இஞ்ச் பெரும்பாலான சின்னக் கார்களின் பின் சீட்டில் குறுக்காக நிற்கும். 55 என்றால் பின் சீட்டுகளை மடக்கி, டிக்கி வழியாக நீளவாக்கில். 65க்குக் காரை மறந்துவிட்டுக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியைப் பிடியுங்கள். முன் சீட்டில் மட்டும் எதையும் வைக்காதீர்கள், ஏர்பேக் இருக்கிற இடம்.

மூடுவது

டிவியின் காலைக் கழற்றி, திருகாணிகளை ஒரு கவரில் போட்டு, ரிமோட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். டிவியின் முதுகில் ஒட்டிவைத்தால் வழியில் விழும். திரையின் மேல் முதலில் பருத்தித் துணி வர வேண்டும், பழைய வேட்டியோ பெட்ஷீட்டோ போதும். பபிள் ராப்பை நேரே திரையில் சுற்றாதீர்கள், வெயிலில் அழுந்தினால் குமிழித் தடம் பதிந்துவிடும். துணிக்கு மேல் அட்டை, அட்டைக்கு மேல் ராப். செலோடேப் ராப்பின் மேல் மட்டும்.

பத்தமடைப் பாய் இருக்கிறதே, அதைச் சுற்றினால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். கோரை வழுக்கும், கட்டு நிற்காது. சமுக்காளம் நல்லது, கனமாக இருக்கும், நழுவாது.

நிறுத்தித்தான் வைக்க வேண்டும்

“ஏல, படுக்கப் போட்டுக் கொண்டு போயிருவோம், எதுக்கு இவ்வளவு பாடு?” என்றார் சித்தப்பா. எல்லா வீட்டிலும் ஒருவராவது இதைச் சொல்வார். திரைக்குள் இருக்கிற கண்ணாடித் தாள்கள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். அவற்றைத் தாங்குவது சுற்றிலும் உள்ள சட்டம்தான், நடுவில் பெரிய பிடிமானம் கிடையாது. நிமிர்த்தி வைத்தால் எடை சட்டத்தின் வழியே கீழே இறங்கும். படுக்க வைத்தால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் நடுப்பகுதி தொய்ந்து எழும். ஓஎல்இடி வகைத் திரை இன்னும் மெல்லியது. பேனல் உடைந்தால் வாரண்டியில் வராது, மாற்றுகிற செலவும் பல சமயம் புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆனால் நிமிர்த்தி வைத்தால் மட்டும் போதாது. மடக்கிய சீட் சமதளமாக இருக்காது, முன்பக்கம் சரிந்தோ நடுவில் பள்ளமாகவோ இருக்கும். டிவியின் கீழ்விளிம்பு ஒரே இடத்தில் மட்டும் தாங்கி நின்றால் அது நல்லதல்ல. பல மாடல்களில் ஸ்பீக்கரும் திரைக்குப் போகும் நுணுக்கமான இணைப்புகளும் கீழ்விளிம்பில்தான் இருக்கின்றன. ஒரு பலகையைப் போட்டு, பள்ளத்தில் மடித்த சமுக்காளத்தைத் திணித்து, மேலே தெர்மாகோல் வைத்து, தளம் மட்டமான பிறகு டிவியை ஏற்றுங்கள். எங்களுக்கு நேரம் பிடித்தது இதற்குத்தான். ஏற்றுவது இரண்டு பேர் வேலை: ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டுச் சட்டத்தில், கட்டைவிரல் திரையைத் தொடாமல்.

குறுக்காக வைத்தால் திரை சீட்டின் முதுகைப் பார்த்திருக்கட்டும். பெல்ட் கொக்கியோ தலைசாய்ப்புக் கம்பியோ திரைக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுவது

பல்சக்கரத்தால் இறுக்குகிற ராட்செட் பெல்ட் எனக்குப் பிடிக்காது. லாரிச் சரக்குக்கான சாமான் அது, ஒரு பல் கூடுதலாக ஏறினால் சட்டம் வளைந்துவிடும். மடக்குக் கட்டிலுக்கு வாங்குகிற நைலான் நாடாவே போதும். அகலமாக இருப்பதால் ஓரிடத்தில் வெட்டாது, கையாலேயே முடிச்சுப் போடலாம். கீழே ஒரு கட்டு, மேல் ஓரத்தில் ஒரு கட்டு. திரையின் நடுவில் எந்தக் கட்டும் வேண்டாம். முன்னும் பின்னும் தலையணை. கட்டியதும் மேல் மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், டிவி மட்டும் தனியாக ஆடக் கூடாது. பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம். சடன் பிரேக் போட்டால் 15 கிலோ டிவி ஆள் மேல் வரும். வேடிக்கை பார்க்கக் கிளம்புகிற பிள்ளைகள் பஸ்ஸில் வரட்டும்.

ஓட்டுவது

இதில் சொல்ல அதிகமில்லை. சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியில் ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர் உண்டு, இரண்டாம் கியரில் போனால் போதும். டீ குடிக்க நின்றால் நிழலில் நிறுத்துங்கள். நம்மூர் வெயிலில் மூடிய காருக்குள் 60 டிகிரி வரை ஏறலாம். ஏசியில் வந்த டிவியை இறக்கியவுடன் போடாமல் ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள், மழைக்காலத்தில் உள்ளே ஈரம் பூத்திருந்தாலும் காய்ந்துவிடும்.

பிறகு சேர்த்தது

படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள். மேலே கேரியரில் கட்டலாமா? கூடாது. அதிலும் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கிற காற்றுக்கு அந்த அகலப் பலகை கப்பல் பாய் போல நிற்கும்.

டிக்கியைப் பாதி திறந்து கயிறு கட்டிக்கொண்டு போகலாமா? அதுவும் வேண்டாம். ஓடும்போது சைலன்சர் புகை உள்ளே இழுபடும், நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் சரியாகத் தெரியாது. டிக்கி மூடவில்லை என்றால் 55க்கும் குட்டியானைதான். அதில் டிரைவர் கேபின் பின்பலகையை ஒட்டி நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள். கட்டுகிற நாடாவை நீங்களே கொண்டு போங்கள், அவர்களிடம் இருப்பது சரக்குக் கயிறு.