பால்பவுடரில் மெலமைன்: ஆர்டுவினோவும் தங்கக் கரைசலும் வைத்து ஒரு சோதனைக் கருவி

குழந்தைப் பால்பவுடரில் ரசாயனக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்று கல்லூரிக் கண்காட்சிகளில் வைக்கிறார்களே, அவற்றில் பலவற்றில் நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவோ பிஹெச் சென்சாரோ பாலுக்குள் நின்றுகொண்டிருக்கும். திரையில் ‘சேஃப்’ என்று எழுத்து ஓடும். அந்த எழுத்தை நம்ப வேண்டாம். பாலில் இயல்பாகவே உப்புகள் நிறைய இருக்கின்றன. அதில் மெலமைன் என்ற, நைட்ரஜன் நிறைந்த தொழிற்சாலை ரசாயனம் கலந்தால் மின்கடத்தும் திறன் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், பிஹெச்சும் அசையாது. சென்சாருக்குத் தெரியும்படி மெலமைனை ஏதாவது ஒரு வேதிவினை காட்டிக்கொடுக்க வேண்டும். இங்கே அந்த வேலையைத் தங்க நானோ துகள்கள் செய்யப்போகின்றன. நிறமாற்றத்தை அளப்பது மட்டும்தான் எலக்ட்ரானிக்ஸின் பங்கு.

ஏன் மெலமைன்? 2008இல் சீனாவில் நடந்தது நினைவிருக்கலாம். தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைந்தது தெரியாமலிருக்க மெலமைனைச் சேர்த்தார்கள். சான்லு நிறுவனத்தின் பவுடரில் கிலோவுக்கு 2,563 மில்லிகிராம் வரை இருந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள் என்பது சீன அரசே சொன்ன கணக்கு. சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தோடு மெலமைன் சேர்ந்து கல்லாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். அந்தச் செப்டம்பரிலேயே சீனப் பால் பொருட்களுக்கு இந்தியா இறக்குமதித் தடை போட்டது.

இந்த ஏமாற்று எப்படிப் பலித்தது? வழக்கமான கெல்டால் சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. மொத்த நைட்ரஜனை அளந்து, பாலுக்கு 6.38ஆல் பெருக்கி, அதைப் புரதம் என்கிறது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஆக, ஒரு கிராம் மெலமைன் அந்தச் சோதனையில் நாலேகால் கிராம் புரதமாக வேஷம் போடும்.

வேண்டிய பொருட்கள்

ஆர்டுவினோ ஊனோ (நிரல் எழுதி ஓட்டும் சிறு மின்னணு போர்டு), ஏஎஸ்7341 நிறமாலை சென்சார் போர்டு, வெள்ளை எல்இடி, அதற்கேற்ற ரெசிஸ்டர், உள்ளே கறுப்புப் பூசிய மூடியுள்ள சிறு பெட்டி, ஒரு சென்டிமீட்டர் அகல பிளாஸ்டிக் குவெட்டுகள் (திரவத்தை ஊற்றி ஒளி பாய்ச்சி அளக்கும் சதுரக் குழாய்கள்). வேதிப் பக்கம்: 13 நானோமீட்டர் அளவுள்ள, சிட்ரேட் பூசிய தங்க நானோ துகள் கரைசல் (தயாராகவே விற்கிறார்கள், நீங்களே காய்ச்ச வேண்டாம்), தூய மெலமைன், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு, டிஸ்டில்டு வாட்டர். சென்ட்ரிஃப்யூஜ் (வேகமாகச் சுழற்றிக் கட்டியைப் பிரிக்கும் இயந்திரம்) வேண்டும் என்பதால் வேதிப் பகுதியைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்யுங்கள். அந்த அமிலம் தோலைப் புண்ணாக்கிவிடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள். சமையலறைப் பாத்திரம் எதையும் இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது.

படி 1: பெட்டி

ஒரு சுவரில் எல்இடி, எதிர்ச் சுவரில் சென்சார், நடுவில் குவெட் அசையாமல் நிற்க ஒரு பள்ளம். ஒளி குவெட்டின் கீழ்ப் பாதி வழியாகப் போகட்டும். திரவம் குறைந்தாலும் அளவு கெடாது. சென்சார் போர்டின் நான்கு கம்பிகளில் மின்சாரம், கிரவுண்ட் இரண்டையும் ஆர்டுவினோவின் மின் முனைகளிலும், மற்ற இரண்டை தரவு பரிமாறும் ஐஸ்கொயர்சி முனைகளிலும் (எஸ்டிஏ, எஸ்சிஎல்) இணைத்து, அதற்கான லைப்ரரியில் வரும் மாதிரி நிரலை ஓட்டுங்கள். எட்டு நிறங்களுக்குமான எண்கள் வரும். நமக்கு 515, 630 நானோமீட்டர் இரண்டு போதும்.

எல்இடியைப் போட்டுச் சில நிமிடங்கள் விட்டுவிட்டு அளக்கத் தொடங்குங்கள், சூடேறும்போது வெளிச்சம் மாறும். வெறும் தண்ணீர் வைத்தால் எண் உச்ச வரம்பை முட்டக் கூடாது. முட்டினால் சென்சாரின் கெயினை, அதாவது ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவை, நிரலில் குறையுங்கள்.

படி 2: எண்ணை உட்கவர்தலாக மாற்றுவது

மூன்று அளவுகள் வேண்டும்: எல்இடி அணைந்த நிலையில் ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, மாதிரிக்கு ஒன்று. அணைந்த நிலையில் வந்த எண்ணை மற்ற இரண்டிலிருந்தும் கழியுங்கள். பிறகு தண்ணீரின் எண்ணை மாதிரியின் எண்ணால் வகுத்து, பத்து அடிமான மடக்கை எடுத்தால் உட்கவர்தல், அதாவது மாதிரி எவ்வளவு ஒளியை விழுங்கியது என்ற அளவு, கிடைக்கும். இரு நிறங்களுக்கும் கண்டுபிடித்து, 630இன் உட்கவர்தலை 515இன் உட்கவர்தலால் வகுங்கள். இனி எங்கும் பேசப்போவது இந்த விகிதத்தைத்தான்.

காரணம் இது: துகள்கள் தனித்தனியாக மிதக்கும்போது 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை உறிஞ்சும், கரைசல் ஒயின் சிவப்பாகத் தெரியும். மெலமைன் வந்தால் துகளைச் சுற்றியுள்ள சிட்ரேட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றையொன்று விலக்கிவைத்த மின்னூட்டம் போய்விடும். துகள்கள் திரளும். சிவப்பு ஊதாவாகி, அப்புறம் நீலமாகும், விகிதம் ஏறும்.

படி 3: முதலில் உப்பு

மெலமைன் புட்டியைத் திறக்கும் முன் குவெட்டில் தங்கக் கரைசல் ஊற்றி விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். கண்ணெதிரே நீலமாகும். விகிதம் நன்றாக ஏறினால் கருவி வேலை செய்கிறது; ஏறவில்லையென்றால் பெட்டிக்குள் வெளிவெளிச்சம் புகுகிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் இங்கே தெரிந்துவிடும்: தங்கம் நீலமாக மெலமைன்தான் வர வேண்டும் என்றில்லை. அடுத்த படியில் இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

படி 4: பாலைத் தயார் செய்வது

ஒரு கிராம் பவுடரை 8 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, 10 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் 2 மில்லி விடுங்கள். புரதம் திரிந்து கட்டியாகும். எலுமிச்சையோ வினிகரோ போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அவை கேசின் என்ற பால் புரதத்தைத்தான் திரிக்கும். தாய்ப்பாலை ஒட்டித் தயாரிக்கும் குழந்தைப் பவுடரிலோ மோர்ப்புரதம் அதிகம். அது கரைசலிலேயே தங்கி, தங்கத் துகளைப் போர்த்தி, மெலமைனை அண்டவிடாது. கலப்படம் இருந்தும் சிவப்பாகவே நிற்கும்.

சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிடம் சுற்றுங்கள். மேலே நிற்கும் தெளிவிலிருந்து 4 மில்லி எடுத்து 100 மில்லி குடுவையில் விட்டு, பாதி வரை நீர் சேருங்கள். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் தாளில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே வந்ததும் நிறுத்துங்கள். 100 மில்லி கோடு வரை நீர் ஊற்றி, 0.22 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டியில் வடியுங்கள். 25 மடங்கு நீர்ப்பது பாலின் சொந்த உப்புகள் தங்கத்தைத் திரட்டாமலிருக்க.

படி 5: அளவுத்திருத்தம்

பொறுமை இங்கேதான் வேண்டும். நம்பகமான ஒரு பவுடரை மேற்சொன்னபடி இரண்டு தடவை தயார் செய்து, வடிநீரை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிகிராம் மெலமைனை 100 மில்லி நீரில் கரையுங்கள். லேசாகச் சூடாக்கினால் கரைந்துவிடும். அதில் 0.8 மில்லியைப் பால் வடிநீரோடு சேர்த்து 100 மில்லி ஆக்கினால் லிட்டருக்கு 8 மில்லிகிராம். அதே வடிநீரால் பாதி பாதியாக நீர்த்தால் 4, 2, 1, 0.5 வரும். மெலமைன் சேராத வடிநீர் பூஜ்யம். வெறும் தண்ணீரில் செய்தால் கோடு அழகாக வரும், ஆனால் பாலுக்குப் பொருந்தாது.

ஒவ்வொன்றிலும் ஒன்றரை மில்லி எடுத்து ஒன்றரை மில்லி தங்கக் கரைசலோடு கலந்து, சரியாகப் பத்தாவது நிமிடம் அளவெடுங்கள். திரளல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றை ஐந்தாம் நிமிடத்திலும் இன்னொன்றைப் பதினைந்திலும் அளந்தால் ஒப்பிட முடியாது. குவெட்டைச் சொரசொரப்பான பக்கத்தில் மட்டும் பிடியுங்கள். தெளிவான பக்கத்தில் பதிந்த விரல்ரேகையும் அளவைக் கெடுக்கும். பூஜ்யத்தைப் பத்து முறை அளந்து, சராசரியோடு திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டுங்கள். அதற்கு மேல் விகிதம் ஏறும் முதல் அளவுதான் உங்கள் கருவி நிச்சயமாகப் பார்க்கக்கூடியது. கோடு முழுக்க நேராக வராது. நேராக ஏறும் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 6: எண்ணைப் பவுடருக்குத் திருப்புவது

ஒரு கிராமைப் பத்து மில்லி ஆக்கினோம், பிறகு 25 மடங்கு நீர்த்தோம். ஆகவே கருவி காட்டும் லிட்டருக்கு 1 மில்லிகிராம், பவுடரில் கிலோவுக்கு 250 மில்லிகிராம். பலரும் அறிக்கையில் எழுதாமல் விடும் வரி இது. குழந்தைப் பால்பவுடருக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2010இல் வைத்த வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். அது நம் வடிநீரில் லிட்டருக்கு 0.004 மில்லிகிராமாகக் கரைந்துபோகும். இந்தப் பெட்டிக்குத் தெரியாது. 2008இன் 2,563 வந்திருந்தால் பத்தைத் தாண்டி, பட்டென்று நீலமாகியிருக்கும். லாபத்துக்காக அள்ளிப்போட்ட கலப்படத்தை இது பிடிக்கும், வரம்புக்குள் இருக்கிறதா என்று சொல்லாது. திரையில் ‘சேஃப்’ என்று காட்டும் வரியை நிரலில் எழுதாதீர்கள். ‘கண்டறியப்படவில்லை, கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்குக் கீழ்’ என்பதுபோல உங்கள் கருவியின் எல்லையைப் போடுங்கள். குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்பதை இதை வைத்து முடிவு செய்யவும் கூடாது.

நிஜமாகவே ஒரு டப்பாவின் மேல் சந்தேகம் வந்தால், அதே பேட்ச் எண்ணுள்ள பிரிக்காத டப்பாவை உணவுப் பாதுகாப்புத் துறை அங்கீகரித்த ஆய்வகத்துக்குக் கொடுங்கள். வாங்கியவரே கட்டணம் கட்டிச் சோதிக்க 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. அங்கே கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் திரவ நிறப்பிரிகையோடு, மூலக்கூறின் எடையை வைத்து அடையாளம் காணும் நிறை நிரலளவியை இணைத்துப் பார்ப்பார்கள். கிலோவுக்கு 1 மில்லிகிராம் அதற்குச் சாதாரணம். மெலமைன் கலந்த பால் மிச்சத்தையும் அமிலக் கழிவையும் தங்கக் கரைசலையும் தொட்டியில் ஊற்றாமல், பெயர் ஒட்டிய புட்டிகளில் ஆய்வகக் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.