மை தெறிக்கும் தூரிகை எழுத்தில் ஒரு தமிழ் ஃபான்ட்

தமிழ் ஃபான்ட் என்றதும் 247 எழுத்தையும் வரைய உட்கார வேண்டாம். உயிரும் ஆய்தமும் 13, அகர வரிசை 18, புள்ளி எழுத்து 18, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 72, துணைக்கால், மூன்று கொம்புகள் (ெ, ே, ை), ஔகாரக் குறி என 5. ஆக 126. கிரந்த எழுத்துகளும் ஸ்ரீயும் சேர்ந்தால் 150-ஐ ஒட்டி வரும். கொ, கோ எல்லாம் கொம்பும் காலும் சேர்ந்து தானே அமைந்துவிடும்.

புள்ளி எழுத்தைத் தனியாக எழுதுவதில் சோம்பல் கூடாது. க-வின் தலையில் புள்ளியை ஒட்டிவிட்டு 'பக்கம்' என்று அடித்துப் பாருங்கள்: இரண்டு க-விலும் ஒரே இடத்தில் ஒரே பிசிறு. கையெழுத்து இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். தமிழில் எழுத்து இரட்டிப்பது க்க, ட்ட, ப்ப என்றுதான். எனவே க் தனி ஓவியமாக இருந்தாலே பாதித் தொல்லை தீரும். ஓப்பன்டைப் என்ற ஃபான்ட் வடிவத்தில் இதை 'ஹாலந்த்' விதியில், அதாவது புள்ளி எழுத்துக்கான விதியில், எழுத வேண்டும்.

மீதி, துணைக்கால். 'மாமா', 'தாத்தா' இரண்டிலும் அது அதே உருவில் இரண்டு முறை வரும். இன்னொரு கால் வரைந்து, முந்தைய இரண்டு மூன்று இடங்களுக்குள் கால் வந்திருந்தால் மாற்றுக்கால் வரும்படி சூழல் விதி எழுதுங்கள். இரண்டு இடம் மட்டும் பார்த்தால் 'மாமா' தப்பும், 'தாத்தா' மாட்டும். அங்கே இரண்டு கால்களுக்கும் நடுவே த், த இரண்டும் நிற்கின்றன.

எழுத கார்ட்ரிட்ஜ் தாள் (சொரசொரப்பான தடித்த ஓவியத்தாள்), இந்தியன் இங்க், வட்டத் தூரிகை. தூரிகையைத் தோய்த்து, கழிவுத்தாளில் ஒரு முறை துடைத்துவிட்டு எழுதுங்கள். மை அதிகமானால் தாளின் குழிகளை நிரப்பி ஓரம் வழவழப்பாகிவிடும். மிகவும் காய்ந்தால் கோடு துண்டு துண்டாகும். க 5 செ.மீ. உயரம் என்றால் எல்லாமே அந்த அளவுக்கோட்டில்தான். சின்னதாக எழுதியதைப் பிறகு பெரிதாக்கினால் சொரசொரப்பும் சேர்ந்து பெரிதாகி, அந்த எழுத்து மட்டும் துருத்தி நிற்கும். ஒவ்வொன்றையும் நான்கைந்து முறை எழுதி ஒன்றைப் பொறுக்குங்கள்.

600 டிபிஐ-யில், சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், படத்தைக் கோட்டுருவமாக மாற்றும் 'ட்ரேஸ் பிட்மேப்'பில் ஸ்பெக்கிள்ஸ் (சிறு புள்ளிகளை நீக்கும்) அளவை ஏற்றினால் தூசி போகும், அளவு மீறினால் அழகான தெறிப்பும் கூடவே போகும். கோட்டுருவத்தை வரையறுக்கும் முனைப்புள்ளிகள் ஆயிரக்கணக்கில் விழுந்தால் கோப்பு கனத்துவிடும். ஃபான்ட் உருவாக்கும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் 'சிம்ப்ளிஃபை' கொடுத்து எழுத்துக்கு 200-க்குள் கொண்டுவரலாம்.

கடைசியாகச் சுழிகள். மை அடைத்தால் மூன்றுசுழி ண-வும் இரண்டுசுழி ன-வும் ஒன்றாகிவிடும். எழுத்தை வரையும் சட்டத்தின் உயரத்தை 1000 அலகாகக் கொண்டால், சுழியின் உள்வெளி 40 அலகாவது இருக்கட்டும். 24 பாயின்டில் அது ஏறக்குறைய 0.34 மி.மீ. அதற்கும் கீழே போனால் அச்சில் மூடிக்கொள்ளும். 'கண்ணன்', 'கன்னம்' இரண்டையும் அடுத்தடுத்து அச்செடுத்து, கையெட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.