பகுதி சபா கூட்டத்தில் டெல்டா ஊர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால்தான் பகுதி சபா, அதாவது நகர வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டம், என்று ஒன்று இருப்பதே நம் ஆட்களுக்கு ஞாபகம் வருகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபாவும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கிராம சபையோடு நகரங்களிலும் மக்கள் கூட்டம் நடந்தது. தஞ்சாவூரோ கும்பகோணமோ மயிலாடுதுறையோ, கூட்டம் வெறும் புலம்பலாக முடிவதற்கு அதிகாரிகளை மட்டும் குறை சொல்லி லாபமில்லை.

முதல் தவறு, பருவம் தப்பிக் கேட்பது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன், வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசியில்தான் பொக்லைனை இறக்கித் தூர்வார முடியும். தண்ணீர் வந்தபிறகு கேட்டால் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பார்கள். அதைச் சாக்கு என்று சொல்லிவிட முடியாது. தெரு வடிகாலுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும், ஆகவே ஆடி, ஆவணிக்குள் மண்ணை அள்ளிவிட வேண்டும். புதிதாக வடிகால் கட்டச் சொல்வதானால் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான பட்ஜெட்டில் அது ஏற வேண்டும். தை மாதமே கோரிக்கை போய்விட்டால் நல்லது. கார்த்திகையில் போய் நின்றால் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைப்பார்கள், அவ்வளவுதான். மழை நாளில் உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று: தண்ணீர் எந்த வீட்டுப் படிவரை ஏறியது என்று தேதியோடு படம் எடுத்து வைப்பது. தையில் அது பேசும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்ற குழப்பம். தஞ்சாவூருக்குள் ஓடும் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், நீர்வளத் துறையுடையது. கோயில் குளம் என்றால் பெரும்பாலும் அறநிலையத் துறை. பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையிடம். மின்கம்பம் மின்வாரியத்துக்கு, அதில் எரிகிற விளக்கு மாநகராட்சிக்கு! (ஒரு பல்பு மாற்ற இரண்டு அலுவலகம் அலைந்தவர்களுக்கு இது தெரியும்.) இதற்காகக் கோரிக்கையைக் கைவிட வேண்டாம். சம்பந்தப்பட்ட துறைப் பொறியாளரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படியே திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுங்கள். அங்கே எல்லாத் துறையினரும் உட்கார்ந்திருப்பார்கள். புறநகரில் குடியிருந்தால் முதலில் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். நகரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் தெரு ஊராட்சியில் இருக்கலாம், அப்போது நீங்கள் போக வேண்டியது கிராம சபைக்கு.

மைக் கிடைத்ததும் குப்பை, கொசு, நாய், ரோடு என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவதும் வழக்கம். எழுதுகிறவர் எதைத்தான் எழுதுவார்? “சாக்கடை சரியில்லை” என்பதை விட, “டீக்கடையிலிருந்து பள்ளிக்கூடச் சுவர் வரை சுமார் 40 மீட்டர், சிறுபாலத்துக்கு அடியில் பாதி உயரம் மண், தண்ணீர் எதிர்த்து வருகிறது” என்றால் உதவிப் பொறியாளர் அங்கேயே மதிப்பீடு யோசிக்கத் தொடங்குவார். இந்த விவரம் தெரிய வேண்டுமென்றால் உங்கள் தெருத் தூய்மைப் பணியாளரைக் கேளுங்கள். எந்த இடத்தில் அடைக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி, ஆனால் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து எப்போது நிற்கிறது என்று தெரிந்த பெண்களும் முன்வரிசையில் இருக்க வேண்டும்.

கவுன்சிலர் எந்தக் கட்சி என்று பார்த்துப் பேசுவது, சண்டை போட்டுவிட்டு வெளிநடப்பு செய்வது, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கிளம்பிவிடுவது. கோரிக்கை பதிவேட்டில் ஏறியதா, எந்த வாசகத்தில் ஏறியது என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் புதுப் பேச்சு தொடங்கும்முன், போன கூட்டத்துத் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள். நகல் தர மறுத்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.